மந்திரியம்மாவுக்குத் தெரியாத காசு

கிருபாகரனைப் பற்றிச் சொல்வதென்றால் திருநின்றவூர் ஸ்டேஷனிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். எனக்கும் அவனுக்கும் ரயில் சிநேகம். நான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அவன் அதே எஸ்டேட்டில் இரண்டு தெரு தள்ளி, இன்ஜின் வால்வு செய்கிற கம்பெனியில் கிரைண்டிங் மெஷின் ஓட்டுகிறவன். காலையில் ஒரே ரயில், ஒரே பெட்டி. பட்டாபிராமில் முகமது இஸ்மாயில் பாய் ஏறி எங்களோடு சேர்ந்துகொள்வார். பட்டரவாக்கத்தில் இறங்கி, ஸ்டேஷன் வாசலில் டீ குடித்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் பிரிவோம். வருஷக்கணக்காக இதுதான் நடக்கிறது. என் சொந்தத் தம்பி வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. கிருபாகரன் வீட்டில் நேற்று என்ன குழம்பு என்று தெரியும்.

நல்லவன். அதில் சந்தேகமே வேண்டாம். குடி கிடையாது, கடன் கிடையாது, யார் வீட்டு விசேஷமானாலும் முதல் ஆளாகப் போய் நாற்காலி எடுத்துப் போடுகிறவன். ஆனால் ஒரு விஷயம் சரி என்று மண்டையில் ஏறிவிட்டால் ஆண்டவனே வந்தாலும் இறக்க முடியாது. அந்தப் பிடிவாதம்தான் அவனுக்கு வினையாக முடிந்தது. நான் வாய் வலிக்கச் சொன்னேன். நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

பாடியில் பிறந்து வளர்ந்தவன் அவன். ஐ.டி.ஐ. முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்துவிட்டான். சம்பளக் கவரை அப்படியே, பிரிக்காமல், அப்பா கையில் கொடுத்துவிட வேண்டும். அப்பா அதிலிருந்து பஸ்ஸுக்கும் டீக்கும் எடுத்துத் தருவார். கல்யாணம் ஆன பிறகும் அதே கதைதான். வசந்தகுமாரிக்கு மல்லிப்பூ வாங்க வேண்டுமென்றாலும் அப்பாவிடம் போய் நிற்பானாம். திடீரென்று ஒருநாள் அவர் நெஞ்சு வலி என்று சாய்ந்துவிட்டார். அன்றைக்குக் கிருபாகரனுக்கு வயது முப்பது. கரண்டு பில் எங்கே கட்டுவது என்று தெரியாது. அரிசி என்ன விலை என்று தெரியாது. முதல்முறையாகக் கையில் முழுச் சம்பளம் வந்ததும் தவணையில் டி.வி., தவணையில் பைக், எல்லாம் வாங்கினான். அப்பா விட்டுப் போனதைக் கொண்டுபோய் வேப்பம்பட்டு பக்கம் ஒரு மனை வாங்கினான். அது ஏற்கெனவே இரண்டு பேருக்கு விற்ற மனை. இவன் மூன்றாவது ஆள்.

அந்த அடியில்தான் பாடியை விட்டு, வாடகை குறைவு என்று திருநின்றவூருக்கு வந்தான். ஒரு ஹால், ஒரு சமையலறை. அங்கேதான் அவன் மகள் எழில் வளர்ந்தாள். ஒரே பெண்.

"எம் பொண்ணு எம்மாரி ஆவக் கூடாது ஜேம்சு," என்பான் என்னிடம். "முப்பது வயசு ஆம்பள, ரேஷன் கடையில நின்னுகினு எவ்ளோ குடுக்கணும்னு பக்கத்துல கீற பொம்பளயக் கேட்டேன். அந்த மானக்கேடு அவளுக்கு வேணாம்."

சரியான எண்ணம். இதில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

கொரோனா வந்து எஸ்டேட்டே படுத்துக்கிடந்தபோது அவன் கம்பெனியில் ஓ.டி. என்கிற ஓவர்டைம் நின்றுபோனது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஓ.டி. என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. சம்பளம் வயிற்றுக்கு, பள்ளிக்கூடம், மருந்து, பண்டிகை எல்லாம் ஓ.டி. காசில்தான். அது நின்றால் வீட்டில் பாதி நின்ற மாதிரி. அந்தச் சமயத்தில் எழில் எட்டாவது. வீட்டில் உட்கார்ந்து போனில் பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள். கிருபாகரன் ஒரு சம்பள நாள், பணத்தை முழுசாக எடுத்துவந்து, ஒரு பழைய தோல் பர்ஸில் போட்டு அவள் கையில் கொடுத்தான்.

"இந்த மாசத்துலேர்ந்து நீதான் ஊட்டுக்கு நிதி மந்திரி. எனக்கு டீக்குக் காசு வேணும்னாலும் உன்னாண்டதான் கேப்பேன்."

அவன் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. யாருக்கு எது வேண்டுமென்றாலும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எல்லார் முன்னாலும் கேட்க வேண்டும். கேட்டதும் மந்திரியம்மா, "தேவையா, ஆசையா?" என்று கேட்பாள். தேவை என்றால் பர்ஸ் திறக்கும். ஆசை என்றால் அடுத்த மாசம் பார்க்கலாம்.

அதற்குப் பிறகு எங்கள் ரயில் பெட்டியில் வேறு பேச்சே கிடையாது. ஒருநாள் புது பெல்ட் கேட்டானாம். மந்திரியம்மா பழைய பெல்ட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆணியைச் சுட வைத்து இன்னொரு ஓட்டை போட்டுக் கொடுத்துவிட்டாள். சட்டையைத் தூக்கி அந்த ஓட்டையை எங்களுக்குக் காட்டினான். ஏதோ ஜனாதிபதி கையால் மெடல் வாங்கினவன் மாதிரி முகத்தில் ஒரு பூரிப்பு. இன்னொரு நாள் டீக்கடையில் எங்களோடு நின்றுகொண்டு, பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தான். "மந்திரியம்மா உத்தரவு. ஊட்டு டீ." இஸ்மாயில் பாய் சிரித்துச் சிரித்துத் தன் டீயைக் கொட்டிக்கொண்டார்.

பெண்ணும் சாமர்த்தியக்காரிதான். சாயங்காலம் மார்க்கெட் கலைகிற நேரம் பார்த்துப் போய்க் காய் வாங்குவாள். கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று பார்த்து, பருப்பை ஊறவைத்துத்தான் போட வேண்டும் என்று அம்மாவுக்கே உத்தரவு போடுவாள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. என் மகன் அபிஷேக் அப்போது காலேஜ் முடிக்கிற வயது. படுத்த இடத்திலிருந்தே போனைத் தடவிப் பிரியாணி வரவழைக்கிறவன்.

எழிலுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் வீட்டுப் படம் போடுவாள். சும்மா கூரையும் கதவும் இல்லை, மேலேயிருந்து பார்த்த மாதிரி அளவு போட்டு, வாசல் எங்கே, ஜன்னல் எங்கே, காற்று எந்தப் பக்கம் வரும் என்று அம்புக்குறியெல்லாம் இருக்கும். ஒன்றைக் கிருபாகரன் ரயிலுக்குக் கொண்டுவந்தான். சமையலறையில் ஏரியைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல். அதன் கீழே, "அம்மா உட்கார இடம்" என்று எழுதியிருந்தாள். நான் ஸ்டோர் கீப்பர், டிராயிங் படிக்கத் தெரிந்தவன். ஒன்பதாவது போகிற பெண் போட்டது என்று நம்ப முடியவில்லை.

"ஆர்க்கிடெக்டுக்குப் படிக்க வெக்கப் போறேன்," என்றான் கிருபாகரன்.

"அதுக்கு எவ்ளோ ஆவும் தெரியுமா?" என்றார் பாய்.

அப்போதுதான் அவன் அதைச் சொன்னான். கம்பெனியில் ஓ.டி. திரும்ப ஆரம்பித்துவிட்டதாம். வீட்டில் சொல்லவில்லையாம். லேட்டாக வீட்டுக்குப் போவதற்கு, "கம்பெனில டைம்ம நீட்டிட்டானுங்க, சம்பளம் அதேதான், வேல போவாம கீதே அதுவே பெருசு," என்று சொல்லிவைத்திருக்கிறானாம். ஓ.டி. காசு முழுவதும் நேராகக் கம்பெனி கூட்டுறவு சொசைட்டியில் எழிலின் படிப்புக்காக டெபாசிட். வசந்தகுமாரிக்குக்கூடத் தெரியாது.

"ஏன்டா சொல்லல?" என்றேன்.

"சொன்னா கை தாராளமாய்டும் மச்சான். இல்லாத ஊட்லதான் காசோட அரும தெரியும். கஷ்டத்துல ஓட்டிக் கத்துக்கட்டும். பிளஸ் டூ ரிசல்ட் அன்னிக்கு மொத்தத்தையும் அவ மின்னாடி வெச்சி, இந்தாம்மா, இது உனக்குன்னு சொல்லணும். அப்ப அவ மூஞ்சியப் பாக்கணும் நீ."

"பாடம் சொல்லிக்குடுக்கறேன்னுட்டுப் பொய்க் கணக்கு காட்டாதே கிருபா. குழந்தை அத நெஜம்னு நம்பிகினு கீது."

"பொய் இன்னாடா பொய்? கடைசில அவளுக்குத்தானே போவுது?"

இந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டே வருஷக்கணக்கில் ஓட்டினான்.

அடுத்த வருஷம் வசந்தகுமாரிக்குப் பல்வலி வந்தது. அவளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வாய்விட்டுச் சிரிக்கிற பெண். எங்கள் வீட்டுக்கு வந்தால் அவள் சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்கும். என் மனைவி, "அந்த அண்ணி வந்துட்டாங்கன்னா டி.வி.யே வேணாம்," என்பாள். அப்படிப்பட்டவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் கிடந்தாள். ஆவடியில் டாக்டரிடம் போனார்கள். வேர் சிகிச்சை செய்து தொப்பி மாதிரி ஒன்று மாட்டினால் பல்லைக் காப்பாற்றலாம், சில ஆயிரம் ஆகும் என்றார் டாக்டர். இல்லையென்றால் பிடுங்கிவிடலாம், அது மலிவு.

விஷயம் ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்தது. பர்ஸில் இருந்தது போதவில்லை. மந்திரியம்மா அன்றைக்குத் தீர்ப்பு சொல்லவில்லையாம். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் எதையெதையோ கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "புடுங்கிடலாமாம்மா?" என்று கேட்டாளாம். வசந்தகுமாரி, "அதுக்கின்னா, புடுங்கிட்டாப் போவுது. இன்னும் இத்தினி பல்லு கீதே," என்றாளாம்.

இதைக் கிருபாகரன் எங்களிடம் சொன்னது எப்படி? பெருமையாக! அந்த வயதுப் பிள்ளை அம்மா பாசத்தையும் தள்ளிவைத்துக் கணக்கைப் பார்த்தது என்று!

எனக்கு வந்த ஆத்திரத்தில் பெட்டியே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்திவிட்டேன். "சொசைட்டில காசை வெச்சிகினு பொண்டாட்டி பல்லைப் புடுங்க உட்டியா? மனுஷனாடா நீ?"

அவன் முகம் சுருங்கிவிட்டது. "அந்த நேரத்துல சொல்லியிருந்தா இத்தினி நாள் கத்துக்குடுத்தது எல்லாம் பூடும்டா," என்றான். பாய் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். ஒரு வாரம் நான் அடுத்த பெட்டியில் ஏறினேன். அப்புறம் மனசு கேட்காமல் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தேன். அடுத்தவன் குடும்பத்தில் நுழைந்து வசந்தகுமாரியிடம் போட்டுக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லி பாயும் கேட்டுக்கொண்டார்.

பிடுங்கின பல் சிரித்தால் தெரிகிற இடத்தில் இருந்தது. அதற்குப் பிறகு வசந்தகுமாரி சிரிக்கும்போது புடவைத் தலைப்போ கையோ தானாக வாய்க்குப் போய்விடும். சத்தமும் குறைந்துபோனது. அவள் அப்படிச் சிரிக்கும்போதெல்லாம் எழில் வேறு பக்கம் பார்ப்பாள். நான் அதைக் கவனித்திருக்கிறேன். அவள் அப்பன் கவனித்ததாகத் தெரியவில்லை.

பத்தாவதில் எழில் நல்ல மார்க். பிளஸ் ஒன்னில் எந்த குரூப் என்று கேட்டபோது காமர்ஸ் என்றாளாம். வகுப்பு டீச்சரே, "இந்த மார்க்குக்கு மேத்ஸ் குரூப் தாராளமாக் கெடைக்குமேம்மா?" என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறார். இல்லை, காமர்ஸ்தான் என்று நின்றுவிட்டாள்.

"கணக்குப் பாத்துப் பாத்துக் கணக்குலயே ஆச வந்துடுச்சி ஜேம்சு அவளுக்கு," என்றான் கிருபாகரன், வாயெல்லாம் பல்லாக.

"அப்ப ஆர்க்கிடெக்டு?"

"அதெல்லாம் பிளஸ் டூவுக்கு அப்பறம்தானே?"

"டேய், அதுக்கு மேத்ஸ் படிச்சிருக்கணும்டா."

அண்ணனூர் போய், திருமுல்லைவாயல் போய், அம்பத்தூர் வருகிற வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை அவனுக்கு. இப்போதாவது வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லு, குரூப்பை மாற்ற இன்னும் நாள் இருக்கிறது என்று பாயும் நானும் சொல்லி அனுப்பினோம். மறுநாள் தெளிந்த முகத்தோடு வந்தான். உண்மையைச் சொல்லவில்லை. "உனக்கு இதுதான் புடிச்சிருக்கா?" என்று மட்டும் கேட்டிருக்கிறான். அவள், "ஆமாப்பா," என்றிருக்கிறாள். அவ்வளவுதான், இவனுக்குத் திருப்தி. "அவ இஷ்டம் மச்சான். சி.ஏ. படிக்க வெக்கறேன். அந்தக் காசு அதுக்கு ஆவட்டும்."

"படம் போடறாளா இப்பல்லாம்?" என்று கேட்டேன்.

"டைம் எங்க கீது அவளுக்கு?" என்றான்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று என்னையும் வீட்டுக்குக் கூப்பிட்டான். அவன் காத்துக்கிடந்த நாள். ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் மைசூர்பாகு வாங்கினான். எவ்வளவு என்றா கேட்கிறீர்கள், ஒரு கிலோ. இத்தனை வருஷத்தில் மந்திரியம்மாவைக் கேட்காமல் அவன் வாங்கின முதல் பொருள் அதுதான் என்று நினைக்கிறேன். சாயங்கால வெளிச்சம் வாசல் வரைக்கும் வந்திருந்தது. எழில் ஸ்டவ்வில் எனக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பார்த்ததும், "இவ்ளோ எதுக்குப்பா?" என்றாள்.

கிருபாகரன் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். வசந்தகுமாரியையும் உட்கார வைத்தான். ஒத்திகை பார்த்துவைத்தவன் மாதிரிப் பேசினான். ஓ.டி. நின்றே போய்விடவில்லை. நின்று சில மாசத்தில் திரும்ப வந்துவிட்டது. ஒரு காசு தொடவில்லை. சொசைட்டியில் எல்லாம் உன் பேரில் இருக்கிறது. தொகையைச் சொன்னான். அந்த வீட்டில் அதுவரை யாரும் உச்சரிக்காத தொகை.

"சி.ஏ. படி. வேற எது வேணும்னாலும் படி. யாராண்டயும் கை ஏந்த வேணாம். இது எல்லாம் உனக்குத்தான்ம்மா."

சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தான். நானும்தான் பார்த்தேன். அந்த முகத்தில் சந்தோஷம் வரவில்லை. புரியாத பாஷையில் யாரோ பேசுகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"எப்போலேர்ந்துப்பா?" என்றாள்.

"நீ ஒம்பதாவது போனியே, அப்போலேர்ந்து."

"எனக்கு ஆர்க்கிடெக்சர் படிக்கணும்னு ஆசைப்பா."

"படியேன்!"

"இனிமே எப்பிடிப் படிக்கறது? மேத்ஸ் எடுக்கலியே நான்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "பத்தாவது லீவுல வருஷத்துக்கு எவ்ளோ ஆவும்னு பாத்தேன். நம்ம வீட்டுக்கு ஆவாது. மேத்ஸ் குரூப் எடுத்தா பிளஸ் டூ முடிக்கறப்போ மறுபடியும் ஆசை வரும், உங்ககிட்டக் கேட்டுடுவேன், நீங்க எங்கயாவது கடன் வாங்குவீங்க. குரூப்பே எடுக்கலன்னா ஆசைப்பட்டும் பிரயோஜனம் இல்ல பாருங்க. அதான் எடுக்கல."

கிருபாகரன் மைசூர்பாகுப் பெட்டியை ஓரமாக நகர்த்தி வைத்தான். ஒரு குழந்தை தன் ஆசை வருகிற வழியில் தானே சுவர் எழுப்பியிருக்கிறது, அதற்கு இவன் செங்கல் எடுத்துக்கொடுத்திருக்கிறான்.

அதோடு முடிந்திருந்தால்கூட அவன் எப்படியாவது சமாளித்திருப்பான். எழில் மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்போ அம்மா பல்லுப் புடுங்கறப்போ காசு இருந்துச்சா?"

அடுப்பில் டீ பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. வசந்தகுமாரி எழுந்துபோய் ஸ்டவ்வை அணைத்துவிட்டு வந்தாள்.

"சொல்லுங்கப்பா. இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா," என்றான் கிருபாகரன்.

"நான்தானேப்பா புடுங்கச் சொன்னேன்?" அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "என் வாயாலதானே சொன்னேன்? அம்மா சிரிக்கறப்பல்லாம் எனக்கு... என்கிட்ட இல்லேன்னுதானே சொன்னேன்? நீங்க அங்கயேதானே உக்காந்திருந்தீங்க?"

"பல்லு கெடக்குது உடு கண்ணு," என்றாள் வசந்தகுமாரி. சொல்லும்போதே கை வாய்க்குப் போனது. மகளை மடியில் சாய்த்துக்கொண்டாள். புருஷனைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்கு நல்லதாக இருந்திருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து எழில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, பீரோவிலிருந்து அந்தப் பழைய தோல் பர்ஸை எடுத்து அப்பா முன்னால் வைத்தாள். "இனிமே நீங்களே பாத்துக்குங்கப்பா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வேலையை ஒப்படைத்துவிட்டுப் போகிறவர்கள் சொல்கிற மாதிரிச் சொன்னாள். எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். மைசூர்பாகை யாரும் தொடவில்லை. மறுநாள் அவன் அதை ரயிலுக்குக் கொண்டுவந்து பெட்டி முழுக்கக் கொடுத்தான். எதற்கு ஸ்வீட் என்று கேட்டவர்களிடம், பொண்ணு பாஸ் என்றான்.

எழில் ஆவடிப் பக்கம் ஒரு காலேஜில் பி.காம். சேர்ந்தாள். காலையில் வகுப்பு, மத்தியானம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பகுதிநேர வேலை. சி.ஏ. பேச்சை எடுத்தால், "பாக்கலாம்பா," என்று முடித்துவிடுவாள். வீட்டில் சண்டை ஒன்றும் கிடையாது. அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துவைப்பாள், சட்டைக்கு இஸ்திரி போடுவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். எதுவும் கேட்க மாட்டாள்.

கிருபாகரன்தான் கிடந்து தவித்தான். புதுப் போன் வாங்கிக் கொடுத்தான். நன்றாக இருக்கிறது என்று வாங்கி வைத்துக்கொண்டாளாம், பழையதைத்தான் காலேஜுக்கு எடுத்துப் போகிறாளாம். படம் போடுவதற்கென்று பெரிய பலகையும் பென்சில்களும் பாரிமுனை வரைக்கும் போய் வாங்கிவந்தான். அது பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. பல்லைக் கட்டிக்கொள், இப்போதே போகலாம் என்று வசந்தகுமாரியிடம் எத்தனையோ தடவை கெஞ்சினான். "பழகிடுச்சி, அப்பறம் பாத்துக்கலாம்," என்று அவள் தட்டிக்கழித்தாள்.

"இன்னா வேணும்னு ஒரு தபா கேக்கட்டும்டா ஜேம்சு," என்பான் ரயிலில். "காரு வேணும்னு கேக்கட்டும். கடன் வாங்கினாவது தரேன். எதக் கேட்டாலும் 'இருக்குப்பா'ங்கறா." இப்போது டீக்கடையில் எங்கள் மூன்று பேருக்கும் அவன்தான் காசு கொடுக்கிறான். வேண்டாமென்றாலும் விடுவதில்லை. முன்பு பிளாஸ்க்கைத் திறந்து குடித்தபோது இருந்த குஷி அந்த டீயில் இல்லை.

போன தை மாசம் அபிஷேக்குக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாசியில் பத்திரிகை வைக்க நானும் என் மனைவியும் அவன் வீட்டுக்குப் போயிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். பிரியாணி வரவழைக்கிற பிள்ளைக்குச் சமைக்கவே தெரியாத பெண்ணாகப் பார்த்து முடித்திருக்கிறோம், இனிமேல் அந்த டெலிவரிப் பையனைத்தான் குடும்பத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் ஏதோ சொன்னேன். வசந்தகுமாரி சிரித்தாள். பழைய சிரிப்பு, தெருமுனை வரைக்கும் கேட்கிற சிரிப்பு. கை மடியிலேயே இருந்தது.

என் மனைவிதான் முதலில் பார்த்தாள். "அண்ணி, பல்லு கட்டிட்டீங்களா? சொல்லவே இல்ல!"

கிருபாகரன் தண்ணீர்ச் சொம்பை வாயருகே கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான். மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

"எப்ப கட்டிகினே?"

"ஆச்சு, ஒரு மாசத்துக்கு மேல ஆவுது. பொங்கலுக்கு மின்னாடியே கட்டியாச்சு," என்றாள் வசந்தகுமாரி. "எழில்தான் கூட்டிகினு போனா."

ஒரு மாசமாக அதே வீட்டில் இருக்கிறான். அவன் இருக்கும்போது அவள் அப்படிச் சிரிக்க வேண்டி வரவில்லை போலிருக்கிறது.

"காசு?" என்றான்.

எழில் காபித் தம்ளர்களோடு சமையலறையிலிருந்து வந்தாள். முதலில் என் மனைவிக்குக் கொடுத்தாள், அப்புறம் எனக்கு. "என்கிட்ட இருந்துச்சுப்பா," என்றாள்.

"அவ்ளோ காசு அந்த ஆபீஸ்ல தராங்களா உனக்கு? பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாப் பூடுதுன்னு சொன்னியே?"

அவள் பதில் சொல்லவில்லை என்று சொல்ல முடியாது. "அதெல்லாம் ஆச்சுப்பா," என்றாள். "காபி ஆறுது, குடிங்க." அவன் தம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டு, பத்திரிகையை வாங்கிப் பிரித்து, மண்டபம் எங்கே, எந்த பஸ்ஸில் வரவேண்டும் என்று என் மனைவியிடம் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

கிருபாகரன் தெருமுனை வரைக்கும் எங்களோடு நடந்து வந்தான். என் மனைவி முன்னால் போய்விட்டாள். நான் ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து எடுத்தபோது அவன் சீட்டின் மேல் கை வைத்தான்.

"அவ எவ்ளோ வாங்கறான்னு எனக்குத் தெரியாது ஜேம்சு," என்றான்.

"கேளேன்டா. சொல்லாமலா இருக்கப் போறா?"

"கேட்டா சொல்லுவா." தெருவையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஆனா அதுதான் முழுசான்னு நான் எப்பிடி நம்பறது?"

எனக்கு அவன் மேல் வைத்திருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷத்தில் போய்விட்டது. போய் என்ன பிரயோஜனம்? இன்னும் நாலு வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வேண்டியிருந்தது. நாளைக்கு ரயிலில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.